பல் மருத்துவ மாணவருக்கு எந்த லூப்? எத்தனை மடங்கு என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: பி.டி.எஸ். இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. அடுத்து கிளினிக்கல் போஸ்டிங். அதற்கு முன் லூப் (கண்ணாடி ஃபிரேமில் பொருத்திய உருப்பெருக்கிக் குழல்கள்) வாங்கலாம் என்று இருக்கிறேன். 2.5 மடங்கு போதுமா, 3.5 வாங்க வேண்டுமா? கண்ணாடி போடுகிறேன், பவர் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது. சீனியர் ஒருவர் தன் பழைய லூப்பைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: சீனியரிடம் இருப்பது டி.டி.எல். வகை என்றால், அதாவது குழல்கள் கண்ணாடிச் சில்லைத் துளைத்து அதிலேயே ஒட்டப்பட்டிருந்தால், வேண்டாம். ஃபிளிப்-அப் வகை, அதாவது குழல்கள் கீலில் மாட்டி மேலே தூக்கிவிடக்கூடியவை என்றால், கீழே சொல்லும் அளவுகள் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். உருப்பெருக்கம், உங்கள் நிலையில், 2.5-க்கும் 3.0-க்கும் இடையில், எடை குறைந்த கலிலியன் வகை. பவர் மாறிக்கொண்டிருக்கும் ஒருவர் ஃபிளிப்-அப் வாங்குவதே நல்லது. கான்டாக்ட் லென்ஸ் பழகிவிட்டால் மட்டும் டி.டி.எல். பற்றி யோசிக்கலாம்.

எத்தனை மடங்கு என்ற கேள்விதான் எல்லோர் வாயிலும் முதலில் வருகிறது. விற்க வருபவரும் அதில்தான் தொடங்குவார். ஆனால் லூப்பால் முதுகு நிமிருமா வளையுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த எண் இல்லை. வேலைத் தூரம், சாய்வுக் கோணம், கண்மணி இடைவெளி ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றும் சரியாக அமைந்த 2.5 மடங்கு லூப்பை முப்பது வருடம் போட்டு வேலை செய்யலாம். இவை தவறிய 4 மடங்கு லூப் ஆறு மாதத்தில் பெட்டிக்குள் போய்விடும்.

காரணம் எளிது. வெறுங்கண்ணால் பார்க்கும்போது சரியாகத் தெரியவில்லை என்றால் நாம் குனிந்து கிட்டே போகிறோம். பேன்டம் லேபில், அதாவது பொம்மைத் தலையில் பழகும் கூடத்தில், பக்கத்து இருக்கைகளைப் பாருங்கள். டைபோடான்ட்டுக்கு (செயற்கைப் பல்வரிசைக்கு) ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு பலர் கேவிட்டி (அடைப்பு வைக்கும் குழி) வெட்டிக்கொண்டிருப்பார்கள். லூப் போட்டால் அப்படிப் போக முடியாது. அது ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் தெளிவாகக் காட்டும். கிட்டே போனாலும் மங்கும், தள்ளிப் போனாலும் மங்கும். ஆகவே லூப் உங்கள் தலையை ஓர் இடத்தில் நிறுத்திவைக்கிறது. அந்த இடம் நிமிர்ந்து உட்காரும் இடமாக இருந்தால் லாபம். குனிந்த இடமாக இருந்தால், லூப் இல்லாதவர் அவ்வப்போது நிமிர்ந்துகொள்வதுபோலக்கூட உங்களால் முடியாது.

வேலைத் தூரம்

கண்ணிலிருந்து பல்வரை உள்ள தூரம் இது. பெரும்பாலானவர்களுக்கு 35-லிருந்து 50 செ.மீ.க்குள் வரும். ஐந்தடி உயரப் பெண்ணுக்கும் ஆறடி உயர ஆணுக்கும் இது பத்து செ.மீ. வரை வேறுபடும். அதனால்தான் ஒரே மாடலைப் பல தூரங்களில் விற்கிறார்கள். ஜெர்மனியின் ஹைனே நிறுவனத்தின் 2.5 மடங்கு எச்.ஆர். லூப் 340, 420, 520 மி.மீ. என்று மூன்று தூரங்களில் கிடைப்பது ஓர் உதாரணம்.

விற்பனையாளர் அளப்பதற்கு முன் நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பேன்டம் லேபிலோ டென்டல் சேரிலோ செய்யலாம். இரண்டு நண்பர்கள் வேண்டும், ஒரு தையல் டேப் வேண்டும். ஸ்டூலின் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள்: பாதம் முழுதாகத் தரையில், தொடை முழங்காலை நோக்கிச் சற்றே கீழ்ச்சாய்வாக, முதுகு நேராக. மேல்கைகளை விலாவோடு தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். ஒரு நண்பர் சேரில் படுக்கட்டும். அவர் வாய் உங்கள் முழங்கை மட்டத்துக்கோ ஓரிரு அங்குலம் மேலேயோ வரும்படி சேரை ஏற்றி இறக்குங்கள். மவுத் மிரரும் எக்ஸ்ப்ளோரரும் (பல்லைத் தடவிப் பார்க்கும் கூர்முனைக் கருவி) கையில் இருக்கட்டும், மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது தலையைச் சற்று மட்டும் தாழ்த்தி, கண்ணைக் கீழே இறக்கிக் கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பாருங்கள். தெளிவாகத் தெரிகிறதா என்பது இப்போது முக்கியமில்லை. உடம்பு சௌகரியமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இன்னொரு நண்பர் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து பல்வரை டேப்பைப் பிடிக்கட்டும்.

கீழ்க் கடைவாய், கீழ் முன்பல், மேல் முன்பல், பிறகு மவுத் மிரர் வழியாக மேல்க் கடைவாய் என்று நான்கு இடங்களுக்கும் அளவு எடுங்கள். மேல்க் கடைவாயை மவுத் மிரரில் பார்க்கும்போது ஒளி போகும் தூரம் கண்ணிலிருந்து மிரர் வரை, பிறகு மிரரிலிருந்து பல் வரை. இரண்டையும் கூட்ட வேண்டும். நேராகப் பார்ப்பதைவிட இரண்டு மூன்று செ.மீ. கூடிவிடும். நேர்ப்பார்வையில் மட்டும் அளந்து வாங்கிய லூப், என்டோ (வேர் சிகிச்சை) போஸ்டிங்கில் மேல் மோலாருக்கு (கடைவாய்ப்பல்லுக்கு) வந்ததும் மங்குவதற்கு இதுதான் காரணம்.

கிடைத்த நான்கு எண்களும் லூப்பின் தெளிவு எல்லைக்குள் விழ வேண்டும். தெளிவு எல்லை என்பது முன்னும் பின்னும் நகர்ந்தாலும் படம் மங்காமல் இருக்கும் நீளம். உருப்பெருக்கம் ஏற ஏற இது சுருங்கும். 2.5 மடங்கில் பத்து செ.மீ.யும் அதற்கு மேலும் கிடைக்கும். அதில் வாயின் முன்பக்கமும் பின்பக்கமும் தலையை ஆட்டாமலே அடங்கிவிடும். இருக்கும் இரண்டு மாடல்களுக்கு நடுவில் உங்கள் அளவு விழுந்தால் நீளமானதை எடுங்கள். தூரம் சற்று அதிகமானால் சேரைக் கொஞ்சம் இறக்கிச் சமாளிக்கலாம். குறைவானால் கழுத்தைத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

மாநாட்டு ஸ்டாலில் நின்றுகொண்டு, விசிட்டிங் கார்டில் உள்ள எழுத்தைக் காட்டி, "தெரிகிறதா, சூப்பரா இருக்கா" என்று கேட்டு அளவெடுப்பார்கள். அந்த அளவை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். நின்றபடி எடுத்த அளவுக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்த அளவுக்கும் சம்பந்தமே இருக்காது.

சாய்வுக் கோணம்

காதின் மேல் ஓரத்திலிருந்து கண்ணின் வெளி ஓரத்துக்கு ஒரு கோடு போடுங்கள். லூப் வழியாகப் பார்வை போகும் கோடு இதிலிருந்து எத்தனை டிகிரி கீழே இறங்குகிறதோ அதுதான் சாய்வுக் கோணம். மலிவு லூப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். பெட்டியில் எழுதியிருக்கவும் மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் பார்க்க வேண்டிய பல், கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லூப் 40 டிகிரி இறக்கிக் கொடுத்தால் மீதி 20 டிகிரிதான் தலை குனிய வேண்டும். லூப் 20 டிகிரி மட்டும் கொடுத்தால் தலை 40 டிகிரி குனியும். தலை முன்னோக்கிச் சாய்வது 20, அதிகம் போனால் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பணிச்சூழல் நிபுணர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. அதைத் தாண்டினால் பின்கழுத்துத் தசைகள் தலையின் முழு எடையையும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். மாலையில் தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் வரும் வலி அதுதான்.

டி.டி.எல். வகையில் இந்தக் கோணம் தயாரிக்கும்போதே நிலையாகிவிடும். எவ்வளவு கீழே ஒட்டுகிறார்களோ அவ்வளவு செங்குத்தாகக் கோணம் கிடைக்கும். அதனால் சில்லு உயரமாக உள்ள ஃபிரேம் வேண்டும். அழகுக்காகக் குறுகலான விளையாட்டு ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தால் குழலை இறக்க இடமிருக்காது. ஃபிளிப்-அப்பில் கீல் இருப்பதால் கோணத்தை நீங்களே மாற்றலாம், ஆனால் கீல் எவ்வளவு இறங்கும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். வாங்கும் முன் கீலை முழுதாக இறக்கிவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

இதைச் சோதிக்கச் செல்போன் போதும். வேலை செய்யும் நிலையில் உட்கார்ந்து, நண்பரைப் பக்கவாட்டில் காது மட்டத்திலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். லூப் இல்லாமல் ஒன்று, லூப்போடு ஒன்று. லூப் போட்ட படத்தில் நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டு படமும் ஒரே மாதிரி இருந்தால் அந்த லூப் உங்கள் கழுத்துக்கு ஒன்றும் செய்யவில்லை.

தலையை அறவே குனியாமல் நேரே பார்த்தபடி வேலை செய்யும் எர்கோ லூப்புகள் இப்போது பரவலாகிவிட்டன. இவற்றில் உள்ளே இருக்கும் பிரிசம் ஒளியை மடக்கிக் கீழே திருப்புகிறது. கழுத்துக்கு மிக நல்லவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் விலை அதிகம், எடையும் கூடுதல். பார்வை ஒரு திசையிலும் கை வேறு திசையிலும் இருப்பதால் பழக நாளாகும். வசதி இருந்து, சில நாள் போட்டுப் பார்த்து வாங்க வழியும் இருந்தால் வாங்குங்கள். கடன் வாங்கி வாங்கும் அளவுக்கு மாணவருக்கு அது அவசியமில்லை.

கண்மணி இடைவெளியும் சீனியரின் லூப்பும்

இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரம், அதாவது பி.டி., ஆளுக்கு ஆள் மாறும். லூப்பின் இரண்டு குழல்களும் அந்த அளவுக்குப் பொருந்தி, வேலைத் தூரத்தில் ஒரே புள்ளியைப் பார்க்கும்படி உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஓரிரு மி.மீ. விலகினாலே இரண்டு கண்களுக்கும் சற்று வேறான படங்கள் போகும். மூளை அவற்றை இழுத்துப்பிடித்து ஒட்ட முயலும். அரைமணி நேரத்தில் தலைவலி, குமட்டல்.

டி.டி.எல். லூப்பில் இந்த அளவை மாற்றவே முடியாது. சீனியரின் கண்ணுக்கும், அவர் மூக்குத்தண்டின் உயரத்துக்கும், அவர் உட்காரும் தூரத்துக்கும் செய்தது அது. பாதி விலைக்கு வந்தாலும் கால்வாசிக்கு வந்தாலும் அது உங்களுக்கானது ஆகாது. சில நிறுவனங்கள் பழைய குழலைக் கழற்றிப் புது ஃபிரேமில் உங்கள் அளவுக்கு ஒட்டித் தருகின்றன. அதற்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஃபிளிப்-அப்பில் பி.டி.யை நகர்த்திக்கொள்ளலாம். வேலைத் தூரம் மட்டும் உங்கள் நான்கு எண்களோடு பொருந்த வேண்டும், கீல் தளராமல் இருக்க வேண்டும். கீலை ஒரு கோணத்தில் வைத்துத் தலையை இரண்டு மூன்று முறை ஆட்டுங்கள். தானாக இறங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மற்றபடி டி.டி.எல்.லுக்குச் சாதகமானவை உண்மையானவை. எடை குறைவு. குழல் கண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் பார்வைப் பரப்பு அகலம். தினமும் அட்ஜஸ்ட் செய்யும் வேலை இல்லை. ஃபிளிப்-அப்பில் எடை மூக்கின் முன்னால் தள்ளி நிற்கும், தலைப்பட்டை இல்லாமல் சரியாக நிற்காது. ஆனால் நோயாளியிடம் பேசும்போது மேலே தூக்கிவிட்டு முகம் பார்த்துப் பேசலாம், இது சின்ன விஷயம் இல்லை.

கண்ணாடி போடுபவர்கள்

முதலில் கண் பரிசோதனை. லூப் ஆர்டர் கொடுப்பதற்கு ஒரு மாதத்துக்குள் எடுத்த பவராக இருக்க வேண்டும். ஆஸ்டிக்மாட்டிசம் உண்டா, இரு கண்களும் சேர்ந்து இயங்குவதில் குறை உண்டா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மாறுகண் போக்கு லேசாக இருப்பவர்களுக்கு அன்றாடத்தில் அது தெரியாமலே இருக்கும், லூப் போட்டதும் இரட்டையாகத் தெரியத் தொடங்கும். லூப்பில் குறை என்று நினைத்து மாற்றி மாற்றி அலைவார்கள்.

டி.டி.எல்.லில் பவரைச் சில்லில் மட்டும் போட்டால் போதாது, குழலின் கண்பக்கமும் பவர் சேர்க்க வேண்டும். பவர் மாறினால் லூப்பை நிறுவனத்துக்கே அனுப்பி மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் கையில் லூப் இருக்காது, செலவும் உண்டு. கிட்டப்பார்வை ஏறிக்கொண்டிருக்கும் வயதில் இது வருடாவருடம் வரலாம். ஃபிளிப்-அப்பில் சில்லு சாதாரணக் கண்ணாடிச் சில்லுதான், தெருமுனை ஆப்டிகல்ஸிலேயே மாற்றிவிடலாம். உங்களுக்கு ஃபிளிப்-அப் சொன்னதற்கு இதுவே காரணம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் டி.டி.எல். வாங்கினால், அளவு எடுக்கும் அன்றும் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்க வேண்டும், பிறகு லூப் போடும் ஒவ்வொரு நாளும் போட்டாக வேண்டும். கண் சிவந்து லென்ஸ் போட முடியாத நாளில் லூப்பும் பயன்படாது.

இப்போது உருப்பெருக்கம்

கலிலியன் வகையில் முன்னால் ஒரு குவிலென்ஸ், கண்பக்கம் ஒரு குழிலென்ஸ். கலிலியோ 1609-ல் வானத்தைப் பார்த்த தொலைநோக்கியின் அதே அமைப்பு. குட்டையான குழல், குறைந்த எடை, வெளிச்சமான படம். ஓரங்களில் சற்று மங்கும், ஒரு நிழல்வட்டம் தெரியும். 2.5, 3.0 வரை இது நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் பரப்பு சுருங்கிவிடும். பிரிஸ்மாட்டிக் வகை, கெப்ளர் 1611-ல் விளக்கிய அமைப்பிலிருந்து வருவது. இரண்டுமே குவிலென்ஸ், படம் தலைகீழாக விழும், அதை நிமிர்த்தக் குழலுக்குள் பிரிசம் வைக்கிறார்கள். அதனால் நீளமும் எடையும் விலையும் கூடுகின்றன, ஆனால் ஓரம்வரை கூர்மை. 3.5-லிருந்து 6 மடங்குவரை இதுதான் உரியது.

2.5 மடங்கு என்றால் நீளத்தில் 2.5 மடங்கு, பரப்பளவில் 6 மடங்குக்கு மேல். வெறுங்கண்ணிலிருந்து மாறுபவருக்கு இதுவே பெரிய தாவல். 245 எண் பர்ரை (பல்லைக் குடையும் முனை) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலையின் விட்டம் 0.8 மி.மீ., நீளம் 3 மி.மீ. கிளாஸ் 2 அமால்கம் கேவிட்டியின், அதாவது பக்கத்துப் பல்லைத் தொடும் பக்கத்தில் வெட்டும் குழியின், பாக்ஸ் சுவர் பக்கத்துப் பல்லிலிருந்து 0.2-லிருந்து 0.5 மி.மீ. விலகி நிற்க வேண்டும் என்று கான்ஸ் (பல் அடைப்பு) வகுப்பில் படித்திருப்பீர்கள். வெறுங்கண் இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும் எல்லையும் ஏறக்குறைய 0.2 மி.மீ.தான். அதாவது, வெட்ட வேண்டிய இடைவெளி உங்கள் கண் பார்க்கும் எல்லையிலேயே இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் நுனியை விட்டுத் தடவிப்பார்த்துத்தான் தொடுகை விட்டதா என்று தெரிந்துகொள்கிறீர்கள். 2.5 மடங்கில் அந்த இடைவெளி அரை மி.மீ. அளவுக்குத் தெரியும். பக்கத்துப் பல்லின் எனாமலில் பர் உரசிய கோடும் தெரியும், மார்ஜினில் (குழியின் விளிம்பில்) விட்டுப்போன ஆதாரமற்ற எனாமலும் தெரியும். பி.டி.எஸ். அளவிலான வேலைக்கு, கேவிட்டி, ஸ்கேலிங், கிரவுன் பிரிப்பரேஷன், முன்பல் ரூட் கேனால் எல்லாவற்றுக்கும், இது தாராளம்.

3.5-க்குப் போனால் என்ன இழக்கிறீர்கள்? 2.5-ல் வாய் முழுதும் தெரியும். 3.5-ல் ஏறக்குறைய ஒரு குவாட்ரன்ட், அதாவது வாயின் கால் பகுதி. கையில் எடுத்த கருவி எங்கே நுழைகிறது என்று தெரியாது, வாய்க்கு வெளியிலிருந்து திடீரென்று பர் படத்துக்குள் வரும். தெளிவு எல்லை சுருங்குவதால் நோயாளி தலையை அசைத்தாலே மங்கும். படம் இருட்டாகும், ஹெட்லைட் கட்டாயமாகும். கையின் நடுக்கமும் அதே அளவில் பெரிதாகித் தெரியும். இன்னும் கை படியாத மாணவர் அதைப் பார்த்துப் பதறி மேலும் நடுங்குவார். மேல் மோலாரின் இரண்டாவது மீசியோபக்கல் கேனாலை (வேர்க்குழாயை) தேடும் எம்.டி.எஸ். நாட்களில் 4, 5 மடங்கோ மைக்ராஸ்கோப்போ வேண்டியிருக்கும். அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று: ஒரு நிறுவனத்தின் 2.5-ம் இன்னொரு நிறுவனத்தின் 2.5-ம் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எழுதியிருக்கும் எண்ணுக்கும் உண்மைக்கும் இடைவெளி இருக்கலாம். ஒரு கிராஃப் தாளை வேலைத் தூரத்தில் வையுங்கள். லூப்பைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, ஒரு கண்ணால் ஒரு குழல் வழியாகவும் மறு கண்ணால் வெறுமனேயும் அதே தாளைப் பாருங்கள். இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பெரிதாகத் தெரியும் 10 மி.மீ. கட்டம் வெறுங்கண்ணில் எத்தனை மி.மீ.யை மறைக்கிறது? 25 என்றால் 2.5 மடங்கு. அதே தாளில் பார்வைவட்டத்தின் விட்டத்தையும் எண்ணிவிடலாம். தாளை முன்னும் பின்னும் நகர்த்தி எங்கே மங்குகிறது என்று டேப் பிடித்தால் தெளிவு எல்லையும் கிடைத்துவிடும். கோடுகள் ஓரத்தில் வளைந்தால், விளிம்பில் நீலமோ சிவப்போ கசிந்தால், லென்ஸ் தரம் குறைவு.

ஹெட்லைட்

2.5 மடங்கில் டென்டல் சேரின் விளக்கே போதும், பணம் குறைவென்றால் ஹெட்லைட்டைப் பிறகு வாங்கலாம். ஆனால் லைட் மாட்டும் கொக்கி லூப்பில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஹெட்லைட்டின் பெரிய பயன் வெளிச்சத்தின் அளவைவிட அதன் திசை. பார்வைக் கோட்டை ஒட்டியே ஒளி வருவதால் உங்கள் கையும் தலையும் நிழல் போடாது. மேல்க் கடைவாயில் மிரர் வழியாக வேலை செய்யும்போது வித்தியாசம் தெரியும்.

லக்ஸ் (வெளிச்ச அளவு) எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒளிவட்டம் உங்கள் வேலைத் தூரத்தில் பார்வைவட்டத்தை நிரப்ப வேண்டும், நடுவும் ஓரமும் ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டும், நீலச்சாயல் அடிக்காமல் வெண்மையாக இருக்க வேண்டும். ஆரஞ்சு ஃபில்டர் கட்டாயம். அது இல்லாமல் ஹெட்லைட் அடித்தபடி காம்போசிட்டை (ஒளி பட்டால் இறுகும் பல்நிற அடைப்பை) வடிவமைத்தால் நீங்கள் முடிப்பதற்குள் அது இறுகத் தொடங்கிவிடும். வடிவமைக்கும் கருவியில் ஒட்டி இழுத்துக்கொண்டு வரும், அடுக்குகளுக்கு நடுவில் இடைவெளி விழும். ஒயர் இல்லாத லைட் சௌகரியம், ஆனால் பேட்டரி எடையும் மூக்கின் மேல்தான். மூக்கில் பள்ளம் விழுபவர்கள் இடுப்பில் மாட்டும் பேட்டரி வாங்குவது நல்லது.

விலையும் சர்வீஸும்

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரில்லாத ஃபிளிப்-அப்புகளை முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். வேலைத் தூரம் 42 செ.மீ. என்று போட்டிருந்து, அது உங்கள் அளவாகவும் இருந்து, கீல் நன்றாக இறங்கினால், பேன்டம் லேபில் பழகிப் பார்க்க அது உதவும். ஆனால் இரண்டு குழல்களும் சரியாக ஒன்றுசேரவில்லை என்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள். திருப்பி எடுக்கும் விற்பனையாளரிடம் மட்டுமே வாங்குங்கள்.

ஸைஸ், ஹைனே, இத்தாலியின் யூனிவெட், டென்மார்க்கின் எக்ஸாம்விஷன், அமெரிக்காவின் ஓராஸ்காப்டிக், சர்ஜிடெல், டிசைன்ஸ் ஃபார் விஷன் போன்ற பெயர்களில் தரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விலைதான் மாணவருக்குச் சுமை. பெயர் எதுவானாலும் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் இலவசமாக மாற்றித் தருவார்கள், கீழே விழுந்து குழல் விலகினால் இந்தியாவிலேயே சரிசெய்வார்களா அல்லது வெளிநாட்டுக்குப் போக வேண்டுமா, போனால் சுங்கவரி யார் தலையில், பவர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, எத்தனை வாரம் ஆகும். வாய்மொழியாகச் சொன்ன எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். வகுப்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் விலையைப் பேசிக் குறைக்க முடியும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஸ்டூலில் உட்காரவைத்து அளவெடுக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

கைக்கு வந்த பிறகு

முதல் நாளே பாருங்கள்: இரு கண்களையும் திறந்து பார்த்தால் ஒரே முழுவட்டம் தெரிய வேண்டும். எட்டு வடிவில் இரண்டு வட்டங்கள் தெரிந்தால் பி.டி. அல்லது உள்சாய்வு தவறு. ஃபிளிப்-அப் என்றால் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் முழுவட்டம் வரும்வரை அந்தப் பக்கக் குழலை நகர்த்துங்கள், பிறகு மறுபக்கம். மூக்குப் பட்டை நழுவினாலே இந்த அமைப்பு குலைந்துவிடும் என்பதால் தலைப்பட்டையை இறுக்கிய பிறகே சரிசெய்யுங்கள்.

முதல் வாரம் பதினைந்து இருபது நிமிடம் மட்டும், டைபோடான்ட்டில். வெட்ட வேண்டாம், பல்லைச் சுற்றி எக்ஸ்ப்ளோரரை நகர்த்துங்கள், மிரரில் பாருங்கள், மெழுகில் செதுக்குங்கள். பிறகு கேவிட்டி. நோயாளிமேல் முதலில் பரிசோதனையும் ஸ்கேலிங்கும். தலை லேசாகச் சுற்றுவதும் கை தூரம் தவறுவதும் இயல்பு, இரண்டு வாரத்தில் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் தலைவலி நீடித்தால் அது பழக்கக் குறைவு இல்லை, அளவுத் தவறு; திருப்பி அனுப்புங்கள். இரட்டையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

லூப் போட்டால் கண் கெட்டுவிடும் என்று வீட்டில் பயப்படுவார்கள். சரியாகப் பொருந்திய லூப்பில் கண்ணுக்குள் வரும் ஒளி ஏறக்குறைய இணையாக வருகிறது, அதனால் கிட்டத்தில் குவிக்கும் தசைக்கு வேலை குறைகிறது. கழற்றியதும் எல்லாம் சிறிதாகத் தெரிவது ஒப்பீட்டால் வருவது.

ஊசி போடுவதும் மூடி மாட்டுவதும் லூப் வழியாக வேண்டாம். பார்வைவட்டத்துக்கு வெளியில் உங்கள் விரல் இருப்பது தெரியாது. குழலுக்கு மேலே பார்த்துச் செய்யுங்கள். கியூரிங் லைட்டின் நுனியை லூப் வழியாக நேரே பார்க்கக் கூடாது, ஆரஞ்சுத் தடுப்பு இருந்தே ஆக வேண்டும். லூப்பின் சில்லு மட்டும் முழுக் கண்பாதுகாப்பு ஆகாது. பக்கத் தடுப்பு மாட்டுங்கள். ஸ்கேலர் தெறிப்பு கீழ்ப்பக்க இடைவெளி வழியாகவும் வரும்.

துடைக்கும்போது திரவத்தை லூப்பின்மேல் நேரே தெளிக்காதீர்கள். குழலின் மூட்டு வழியாக உள்ளே போய் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், சென்னை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். துணியை நனைத்துத் துடையுங்கள், எந்தத் திரவம் என்பதை நிறுவனத்தின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சில பூச்சுகளை ஆல்கஹால் அரித்துவிடும். ஆட்டோகிளேவ் கூடவே கூடாது. ஜன்னலோரத்திலும் வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைக்காதீர்கள்: பசை இளகிக் குழல் விலகும், அதோடு லென்ஸ் வெயிலைக் குவித்து அடியிலுள்ள துணியையோ தாளையோ கருக்கிவிடக்கூடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு மூடிவையுங்கள், அதை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.